பேர்ச் கணக்கில் விற்கப்படும் பயம்

"அங்க எங்கட ஆக்கள் எத்தின வீடு ஈக்கி மச்சான்?"

உக்குவளைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து விவரம் சொன்னபோது என் மனைவியின் தம்பி கேட்ட முதற் கேள்வி இது. கூரை ஓடா தகடா, கிணறு வற்றுமா, உறுதியில் வில்லங்கம் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை. விலையைக்கூடக் கேட்கவில்லை. "ஏழு வீடு" என்றேன். "அப்ப வாணாம்" என்றார். இரண்டு நிமிடத்தில் ஒரு வீட்டின் கதை முடிந்துவிட்டது.

மச்சானை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அதற்கடுத்த மூன்று மாதங்களில் கலியாண வீட்டிலும் ஜனாஸா வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசல் படிக்கட்டிலும் குறைந்தது இருபது பேர் இதே கேள்வியை இதே வரிசையில் கேட்டார்கள். படித்தவர், படிக்காதவர், தாடி வைத்தவர், வைக்காதவர், நவீன கவிதை எழுதுபவர், கவிதையே வாசிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. நமது சமூகம் முழுமையாக ஒற்றுமைப்பட்டு நிற்கும் ஒரே விடயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. சரியாகச் சொன்னால், அந்தக் கேள்வி முதலாவதாக வந்து நிற்பதற்கு எதிரானது.

*

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மாத்தளையிலிருந்து கண்டிக்கு 24 வருடங்கள் போய்வந்து, எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது என் மகளும் மருமகனும் அதே பயணத்தைச் செய்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீடு தேடத் தொடங்கிய 2024இல் மூத்தவளைத் தரம் 1இல் சேர்க்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாடகை வீடு போதும் என்று முடிவெடுத்து, அவர்கள் இருவரின் சேமிப்பையும், மகளின் நகையில் பாதியையும், என் பணிக்கொடையில் மிஞ்சியதையும் கூட்டிப் பார்த்தபோது 90 இலட்சம் ரூபா வந்தது. காதுக்குப் பெரிய தொகைதான். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு சீமெந்தும் கம்பியும் ஓடும் விற்கிற விலையில், அது எவ்வளவு சிறிய தொகை என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம். உள்ளே இடமில்லை. இருக்கிற இடத்தை மாதச் சம்பளக்காரன் தொட முடியாது. அதனால் கண்டியில் உழைப்பவர்கள் கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் அலவத்துகொடைக்கும் தள்ளப்பட்டார்கள். அங்கேயும் விலை ஏறியதும் மாவட்ட எல்லையைத் தாண்டி மாத்தளைக்குள் வந்தார்கள். உக்குவளை, வரக்காமுறை, மாத்தளை நகரின் ஓரங்கள் எல்லாம் இன்று கண்டியின் படுக்கை அறைகள். காலையில் ஆட்களை அனுப்பி, இரவில் வாங்கிக்கொள்ளும் ஊர்கள்.

கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே ஏ9 பாதையில் தூரம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். கேட்பவர்கள் "ஒரு மணித்தியாலம்" என்பார்கள். அக்குறணை நகரையும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தையும் காலை ஏழரைக்குக் கடந்து பார்க்காதவர்கள் சொல்லும் கணக்கு அது. வீட்டுப் படலையிலிருந்து கந்தோர் மேசைவரை எனக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகும். போக வர மூன்று. வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 720 மணித்தியாலம். அதாவது இரவு பகலாக முழுதாய் 30 நாள். ஒவ்வொரு வருடமும் ஒரு மாதத்தை நான் பஸ்ஸில் கழித்திருக்கிறேன். 24 வருடத்தில் இரண்டு வருடம். என் இரண்டாவது மகன் நடை பழகியது எப்போது என்று எனக்குத் தெரியாது. அது அந்த இரண்டு வருடத்துக்குள் எங்கோ போய்விட்டது.

ஆகவே வீடு வாங்குவது என்பது காணி வாங்குவது மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் நாளை எப்படித் துண்டு போடுவது என்று தீர்மானிப்பது. இதைத் தீர்மானிக்கிற இடத்தில் நாம் ஒரே ஒரு கேள்வியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம்.

*

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. 2012 ஏப்ரல் 20இல் தம்புள்ளைப் பள்ளிவாசலில் நடந்தது இதே மாத்தளை மாவட்டத்தில்தான். 2018 மார்ச் மாதம் திகனையிலும் தெல்தெனியவிலும் எழுந்த நெருப்பின் வாடை எங்கள் ஊருக்கும் வந்தது. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட அந்த வாரத்தில் நான் காற்சட்டையோடு, செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் என் மகளுக்குப் பக்கத்து ஆசனம் எத்தனை நாள் காலியாக வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பயந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க நான் வரவில்லை. நானும் பயந்தவன்.

ஆனால் பயம் ஒரு விடயம். அந்தப் பயத்தைப் பேர்ச் கணக்கில் வெட்டி விற்பது வேறு விடயம்.

2018க்குப் பிறகு காணித் தரகர்கள் பேசும் மொழியே மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? முன்பெல்லாம் "தண்ணி நல்லம், ரோட்டு நல்லம்" என்றுதான் தொடங்குவார்கள். இப்போது "முழுக்க எங்கட ஆக்கள்தான், பயப்பட வேண்டியதில்ல" என்று தொடங்குகிறார்கள். அந்த ஒரு வசனத்தின் விலை என்ன? நான் பார்த்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, நமது ஆட்கள் நெருக்கமாக வாழும் ஒரு மேட்டுப்பகுதி. மற்றது, அங்கிருந்து நடந்து இருபது நிமிடத்தில் இருக்கும் கலப்பு அயல். முன்னதில் ஒரு பேர்ச்சுக்குக் கேட்ட விலையில் பின்னதில் மூன்று பேர்ச் வாங்கலாம். மண் ஒன்று, மழை ஒன்று, கண்டிக்கான தூரமும் ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு விலை பயத்துக்கு.

அப்படிப் பணம் கொடுத்தால் பாதுகாப்பாவது கிடைக்கிறதா? 2018இல் அடி விழுந்தது தனித்திருந்த வீடுகளுக்கு மட்டுமா? அக்குறணை, கட்டுகஸ்தோட்டைச் சுற்றுப்புறங்களும் அந்த வாரத்தில் தப்பவில்லை. இந்த மலைநாட்டில் நமது ஆட்கள் அதிகமாய்ச் செறிந்து வாழும் ஊர் அக்குறணை. செறிவே கவசம் என்றால் அங்கே எதுவும் நடந்திருக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்ட மக்களில் சோனகர் ஏறத்தாழ 9 வீதம். எவ்வளவு நெருக்கமாக அடுக்கிக் கட்டினாலும், படலையைத் தாண்டினால் பத்தில் ஒன்பது பேர் மற்றவர்கள். பஸ் நடத்துனர், ஆஸ்பத்திரித் தாதி, கச்சேரி அலுவலர், மரக்கறிக்காரர் எல்லோரும் அந்த ஒன்பதில்தான் இருக்கிறார்கள். நாம் வாங்குவது இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை தூங்குவதற்கான ஒரு மன ஆறுதல். அதற்கு மூன்று மடங்கு விலை.

உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தர வேண்டியது அரசு. அது தன் கடமையைச் செய்யாதபோது அரசின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். அந்த வேலையை ஆறு பேர்ச் காணி செய்துவிடும் என்று நம்மை நம்ப வைத்ததுதான் தரகரின் வெற்றி.

*

இனி அந்த ஆறு பேர்ச்சைப் பார்ப்போம்.

நமது குடியிருப்புகளில் காணி எப்படிச் சிறுத்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். வாப்பா காலத்தில் அரை ஏக்கர். அதாவது 80 பேர்ச். பிள்ளைகள் காலத்தில் இருபது இருபதாகப் பிரிந்தது. பேரப்பிள்ளைகளுக்கு ஆறு. ஆறுக்குக் கீழே பிரிக்கச் சட்டம் விடாது என்பதால் அதற்குப் பிறகு மேலே போகிறோம். மூன்று மகள்மாருக்கு மூன்று தட்டு. மேலே இடம் முடிந்ததும் மலையை வெட்டுகிறோம். சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளிச் சமப்படுத்தி, பாதி வீட்டை வெட்டிய பக்கத்திலும் பாதி வீட்டைத் தள்ளிய மண்ணிலும் கட்டுகிறோம். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் பின்பக்கச் சரிவுக்குள்ளேயே இறங்குகின்றன. மலசலகூடக் குழிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் ஒரு மதில் மட்டும்.

மாத்தளை, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. இப்படிப்பட்ட இடங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற விதி 2011 முதல் இருக்கிறது. வீடு வாங்கிய எத்தனை பேர் அந்த அறிக்கையைக் கேட்டிருக்கிறார்கள்? நான் பார்க்கப் போன பதினொரு வீடுகளில் ஒன்றில்தான் அது இருந்தது. மற்றப் பத்திலும் "அது கேக்க மாட்டாங்க, பழகின ஆக்கள்தான்" என்ற பதிலே கிடைத்தது. கேட்க மாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். மழை கேட்கும்.

கேட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தத் தீவைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பெரும் அழிவு மலைநாட்டில். கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை என்று சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சரிவு இறங்கும்போது வாக்காளர் இடாப்பைப் பார்த்து இறங்கவில்லை. மச்சான் எங்களுக்குச் சிபாரிசு செய்த அந்த மேட்டுப்பகுதி சரியவில்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே மூன்று வீட்டு நிலத்தில் வெடிப்பு ஓடியது. பின்சுவரடியில் புதிதாய் ஊற்றுக் கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வந்தது. ஐம்பது குடும்பங்கள் நான்கு இரவுகள் பள்ளிவாசலில் படுத்தன. அந்த நான்கு இரவுகளிலும் "எங்கட ஆக்கள்" நிறையவே இருந்தார்கள். அடியில் நல்ல நிலம்தான் இருக்கவில்லை.

மேட்டை விட்டால் பள்ளம். அக்குறணை நகரில் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் புகுவது நாம் அடிக்கடி பார்க்கிற காட்சி. ஓயாவுக்கு விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டியதன் பலன் அது. அந்தத் தவறு அக்குறணைக்காரர்களுடையது என்று மாத்தளையில் இருந்து விரல் நீட்ட நமக்குத் தகுதியில்லை. சுது கங்கை ஓரத்திலும் வயலை நிரப்பிய துண்டுகள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. விற்பவர் அனுமதி "வரும்" என்பார். அது வரும்வரை அவர் இருக்க மாட்டார். அரைச்சுவர் உயரத்துக்கு ஈரம் ஏறிய பிறகுதான் வாங்கியவருக்கு அது வயலாக இருந்தது நினைவுக்கு வரும்.

*

"குடும்பத்துக்கு நல்ல இடம்" என்று நாம் சொல்கிறோமே, அதில் குடும்பம் என்பது யார்?

ஆண்கள் கூடி வீடு பார்க்கப் போகிறோம். ஆண்கள் கூடித் தரகரோடு தேநீர் குடிக்கிறோம். பள்ளிவாசல் எத்தனை மீற்றர், பிரதான பாதை எத்தனை மீற்றர், வாகனம் உள்ளே போகுமா. எல்லாம் வெளியே போகிறவனின் அளவுகோல். கண்டிக்குப் போகிறவன் காலை ஐந்தரைக்கு இறங்கி இரவு ஏழரைக்குத் திரும்புகிறான். விடிய விடியவே அந்த வீட்டில் இருக்கிறான். அந்த வீட்டில் வெளிச்சத்தோடு வாழ்கிறவள் வேறொருத்தி. கந்தோருக்குப் போகிற பெண்ணாக இருந்தாலும், திரும்பி வந்து தண்ணீர் அள்ளி, துணி காயப்போட்டு, பிள்ளையைப் பாடம் படிக்க வைப்பது அவள்தான்.

நான்காவது வாரம் என் மனைவி, "நீங்க பாத்திட்டு வந்து சொல்ற கத போதும், நாங்களும் வாறோம்" என்று சொல்லி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று மழை. நான் நாளைக்குப் போகலாம் என்றேன். "மழையிலதான் பாக்கணும்" என்றார். அந்த ஒரு வசனத்தில் நான் பார்த்த முன்னைய நான்கு வீடுகளும் அடிபட்டுப் போயின. மழையில்தான் முற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். மழையில்தான் அயல்வீட்டுக் கான் யார் வாசலில் முடிகிறது என்று தெரியும். "டைல்ஸ் போட்ட வீடு" என்று நான் மெச்சிய ஒன்றில் பின்பக்க அறைச் சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் கேட்ட கேள்விகளை நான் பிறகு எழுதி வைத்தேன். பெப்ரவரி, மார்ச்சில் கிணற்றில் எத்தனை அடி? குழாய்த் தண்ணீர் கிழமைக்கு எத்தனை நாள்? மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் விளக்கு உண்டா? பிள்ளை பாடசாலைக்கு நடந்து போகலாமா, இல்லாவிட்டால் வேனுக்கு மாதம் எவ்வளவு? காய்ச்சல் என்றால் ஓட்டோ கூப்பிட்ட உடன் வருமா? பிள்ளை ஓட ஒரு துண்டு முற்றம் உண்டா? இரண்டு மணித்தியாலத்தில் முப்பது கேள்வி. அவற்றில் ஒன்றுகூட "எங்கட ஆக்கள் எத்தின வீடு" என்பதல்ல. பயம் அவர்களுக்கு இல்லையா? நம்மைவிட அதிகம் இருக்கிறது. பஸ்ஸில் முறைத்துப் பார்க்கப்படுவது நாமல்ல, அவர்கள்தான். ஆனால் பயத்தோடுகூட அவர்கள் நாளையும் பார்க்கிறார்கள்.

இதை ஏன் முன்பே கேட்கவில்லை? வாங்குகிறவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர், இடத்தைத் தீர்மானிப்பவர் மூன்றாமவர் என்பதால். சீதன வீட்டைத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் "டவுனுக்குள்ள, எங்கட ஆக்கள் ஈக்கிற எடத்தில" என்று இடம் குறித்துக் கொடுக்கிறார்கள். பெண்ணின் வாப்பா கடன்பட்டு வாங்குகிறார். வட்டி ஹராம் என்று மேடையில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நகையை அடகு வைக்கிற வரிசையில் போய் நிற்கிறார். அந்த வீட்டில் நாற்பது வருடம் குடியிருக்கப் போகும் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நமது சிறுகதைகளில் சீதன வீடு ஆயிரம் தடவை வந்துவிட்டது. அந்த வீடு எந்தச் சரிவில் நிற்கிறது, கிணறு எப்போது வற்றும், அதற்குப் போகும் படி எத்தனை என்று எத்தனை கதைகளில் வந்திருக்கிறது? கண்ணீரை எழுதிய அளவுக்கு நாம் காணை எழுதவில்லை.

*

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். சேர்ந்து வாழ விரும்புவதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. தமிழ் மொழிமூல முஸ்லிம் பாடசாலை எல்லா இடத்திலும் இல்லை. தரம் 1 அனுமதியில் அருகில் வசிப்பவருக்கே முதலிடம். உறுதியும் வாக்காளர் இடாப்பும் காட்ட வேண்டும். குர்ஆன் மத்ரஸா வேண்டும். மையவாடி வேண்டும். நோன்பு காலத்தில் கஞ்சி வாங்கக் கிட்ட ஒரு பள்ளி வேண்டும். இவை எல்லாம் உண்மையான தேவைகள்.

ஆனால் தேவைக்கு ஒரு தூரம் இருக்கிறது. மையவாடி வாசலில் இருக்க வேண்டியதில்லை. ஜும்ஆ கிழமைக்கு ஒரு நாள். பாடசாலை ஐந்து நாள். தண்ணீர் ஏழு நாள். "அஞ்சு வக்து ஜமாஅத் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். உண்மையிலேயே ஐந்து வேளையும் பள்ளிக்குப் போகிறவருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அவர் பள்ளிக்குப் பக்கத்திலேயே வாங்கட்டும். கண்டி பஸ்ஸில் மக்ரிபைத் தவறவிடுகிறவர்கள் அந்தக் காரணத்தைக் கையில் எடுக்க வேண்டாம். நான் சொல்வது குடியிருப்பை விட்டுக் காட்டுக்குப் போங்கள் என்பதல்ல. குடியிருப்பின் நடுவில் ஆறு பேர்ச்சுக்கு அடிபடாமல், அதற்கு நடந்துபோகிற தூரத்தில் பதினைந்து பேர்ச்சைப் பாருங்கள் என்பதுதான். பாடசாலையும் பள்ளியும் கைக்கெட்டும், பிள்ளைக்கு ஒரு மாமரமும் கிடைக்கும்.

"வீட்டுக்கு முன் அயலவர்" என்று அரபியில் ஒரு முதுமொழி உண்டு. மச்சான் அதையும் எடுத்து வீசினார். அயலவர் என்றால் நம்மவர் என்று அதில் எங்கே இருக்கிறது? குர்ஆன் (4:36) உறவினரான அயலவரையும் அந்நியரான அயலவரையும் சேர்த்தே பேசுகிறது. அந்நிய அயலவரே இல்லாத இடத்தைத் தேடி வாங்கிவிட்டு அந்த வசனத்தின் பாதியை எங்கே வைப்பது?

கடைசியாக அவர் கேட்டது இதுதான்: "பேச்சு நல்லம் மச்சான். 2018 மாதிரி ஒரு நாள் வந்தா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சிங்கள அயலவர் ஒருவர் வாசலில் நின்று காப்பாற்றினார் என்ற கதையை நாம் விரும்பிச் சொல்வோம். அப்படி நடந்திருக்கிறது. நடக்காமலும் இருந்திருக்கிறது. அந்தக் கதையை நம்பி வீடு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது சிறிய விடயம். உங்கள் பெயர் தெரிந்தவன் உங்கள் வீட்டுக்குக் கல்லெறிவது, பெயர் தெரியாதவன் எறிவதைவிடக் கொஞ்சம் கடினம். அந்தக் கொஞ்சத்தைச் சம்பாதிக்க வருடங்கள் ஆகும். அயல்வீட்டு மரணத்துக்குப் போய் நாற்காலி தூக்க வேண்டும். மரண உதவிச் சங்கத்தில் சந்தா கட்ட வேண்டும். கான் துப்பரவுக்குச் சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு போக வேண்டும். நம் பிள்ளைகள் அயல்வீட்டுப் பிள்ளையோடு சிங்களத்தில் சண்டை பிடிக்கத் தெரிந்தவர்களாக வளர வேண்டும். வாப்பாமார் காலத்தில் இதெல்லாம் யாரும் சொல்லாமலே நடந்தது. அவர்கள் வீடு வாங்கியபோது முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

*

நாங்கள் அந்த ஏழு வீட்டு அயலிலேயே வாங்கினோம். உக்குவளை ஸ்டேஷனிலிருந்து கால்மணித்தியால நடை. 14 பேர்ச். ஓட்டுக் கூரை, இரண்டு அறை, குசினி மட்டும் திருத்த வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தைத் தேர்ந்ததில் இன்னொரு கணக்கும் இருந்தது. அங்கிருந்து கண்டிக்கு ஒரு வழியல்ல, மூன்று வழி. ஏ9, வத்துகாமம் பாதை, 1880இல் மாத்தளைவரை போட்ட ரயில் பாதை. புயலில் மலைநாட்டுப் பாதைகளும் தடங்களும் பல இடங்களில் அறுந்தபோதுதான் ஒற்றை வழியை நம்பி வீடு வாங்குவதன் அர்த்தம் பலருக்கு விளங்கியது. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலித் தண்ணீர் சுரங்கத்தினூடாக உக்குவளைக்கு வந்து மின்சாரம் தந்துவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. அதுகூட ஆற்றுப் பாதையை மட்டும் நம்பி வரவில்லை.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். புயலில் எங்கள் பின்மதில் விழுந்தது. கிணறு பத்து நாள் கலங்கிக் கிடந்தது. மருமகனின் உம்மா இன்னும் ஒரு இரவுகூட அந்த வீட்டில் தங்கவில்லை. மகள் சில இரவுகளில் படலைப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள் என்று பேத்தி சொன்னாள். பயம் போய்விடவில்லை. அதற்கு மூன்று மடங்கு விலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த முப்பது கேள்விகளையும் நான் பார்த்த வீடுகளையும் சேர்த்து ஏழாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். வீடு தேடுகிறவர்கள் இந்த வரிசையிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? இரண்டு, மேலே இருக்கும் சரிவை யார், எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், அறிக்கை உண்டா? மூன்று, வரட்சியில் கிணற்றில் எவ்வளவு? நான்கு, இது முன்பு வயலா, உறுதியையும் பிரதேச சபை அங்கீகரித்த வரைபடத்தையும் சட்டத்தரணி பார்த்தாரா? ஐந்து, பிள்ளை பாடசாலைக்கு நடந்து போகலாமா? ஆறு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது இல்லாவிட்டால் வேறு வழி எது? ஏழு, பகலில் அந்த வீட்டில் வாழப் போகிறவர் வந்து பார்த்தாரா?

இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு, எங்கட ஆக்கள் எத்தனை வீடு என்றும் கேளுங்கள். கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாவதாகக் கேளுங்கள்.